முறைக்காய்ச்சல்

“இன்னைக்கு முறை உண்டா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டால், அந்த வருடம் எங்கள் வீட்டில் பதில் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். தாத்தா திண்ணையில் இருந்தபடி குளத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்வார். ஆச்சி அடுக்களையில் இருந்தபடி என்னைப் பற்றிச் சொல்வாள்.

அது 1976. எனக்கு ஒன்பது வயது. தாமிரபரணித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் குளங்களில் ஒன்றின் கீழ் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. குளத்தில் தண்ணீர் இறங்கிவிட்டால் எல்லா வயலுக்கும் ஒரே நாளில் மடை திறக்க முடியாது. ஊர்ப் பெரியவர்கள் கூடி முறை வைப்பார்கள். இன்றைக்கு மேலப்பத்து, நாளைக்குக் கீழப்பத்து, மறுநாள் திரும்பவும் மேலப்பத்து. எனக்கு வந்திருந்த காய்ச்சலும் இதே கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வரும். மறுநாள் வராது. அதற்கு மறுநாள், ஏறக்குறைய அதே நேரத்துக்குத் திரும்ப வந்து நிற்கும்.

வரும் நாளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கொட்டாவி மேல் கொட்டாவியாக வரும். நகக்கண் நீலம் பாரிக்கும். முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடும். பிறகு பல் கிட்டித்துக்கொள்ளும். கயிற்றுக் கட்டிலின் கால்கள் தரையில் தடதடக்கும். வீட்டிலிருக்கும் போர்வையெல்லாம் போதாமல் ஆச்சி நெல்லுச் சாக்கு இரண்டைக் கொண்டுவந்து மேலே போடுவாள். சாக்கின் உமி வாசனைதான் இன்றைக்கும் எனக்குக் குளிரின் வாசனை. ஒரு மணி நேரத்தில் குளிர் விட்டு உடம்பு கொதிக்கும். சாக்கையும் போர்வையையும் காலால் எத்தித் தள்ளுவேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேர்த்து ஊற்றித் தலையணை நனையும். அதன்பின் வரும் தூக்கத்தைப் போல ஒரு தூக்கம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி பசிக்கும். “எய்யா, இன்னைக்கு முறை கிடையாது. எந்திச்சு வெந்நில குளி” என்று ஆச்சி போர்வையை உருவுவாள்.

அடுக்களைச் சுவரில் பால் கணக்குக்காக அவள் கரியால் கோடு போட்டு வைப்பாள். அந்த வருடம் பால் கோடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை ஏறியது. காய்ச்சல் வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு ஒரு புள்ளி. வாசல் கதவருகே மூன்றாவது கணக்கு ஒன்றும் இருந்தது. மலேரியா ஒழிப்புப் பணியாளர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து போனதன் அடையாளமாகச் சுவரில் குறித்துவிட்டுப் போகும் தேதிகள் அவை. அவர் என் விரல் நுனியில் ஊசியால் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி எடுத்துப் போனார். நாடு முழுதும் ஒரு லட்சத்துக்கு இறங்கியிருந்த நோயாளிகளின் எண்ணிக்கை அந்த வருடம் 64 லட்சத்தைத் தாண்டியது என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அவர் சொன்ன பெயர் மலேரியா. ஆச்சி சொன்ன பெயர் முறைக்காய்ச்சல். இந்த இரண்டில் நோயை உற்றுப் பார்த்து வைத்த பெயர் எது என்ற கேள்வி வெகுகாலம் கழித்து என்னைப் பிடித்துக்கொண்டது.

முறைக்காய்ச்சல் ஆச்சி உண்டாக்கிய சொல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் அது இருக்கிறது. சித்த வைத்தியர்கள் முறைசுரம் என்பார்கள். காய்ச்சல், காய்தல் என்ற நம் வினையில் பிறந்தது. சுரம், வடமொழி ஜ்வரம் தமிழில் எடுத்த உருவம். பின்னால் எது வந்தாலும் முன்னால் மாறாமல் நிற்பது முறை.

முறை அளவுக்கு வேலை பார்க்கும் சொற்கள் தமிழில் குறைவு. இரண்டு முறை, மூன்று முறை என்று எண்ணுகிறோம். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் முறை. முறைப்பெண், முறைமாமன் அதில் வந்தவர்கள். நீதி வழங்குவது முறை செய்தல். அது கிடைக்காதவன் போய்ச் சொல்வது முறையீடு. பல குடித்தனங்கள் இருக்கும் வளவில் பொதுவாசலைத் தெளித்துக் கூட்டுவது இன்று யார் பொறுப்போ அது அவர்களுடைய முறைவாசல். கோயிலில் பூசைக்கு முறை உண்டு, வயலில் தண்ணீருக்கு முறை உண்டு. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் ஓடுகிறது: ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் ஒன்று உண்டு, அந்த இடம் தவறாமல் திரும்பி வரும்.

அதனால்தான் இந்த நோய்க்கு ‘விட்டுவிட்டு வரும் காய்ச்சல்’ என்று விளக்கம் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் குறையாகப் படுகிறது. மழைகூட விட்டுவிட்டுப் பெய்கிறது. அதை யாரும் முறைமழை என்பதில்லை. விட்டுவிட்டு என்றால் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது என்று மட்டுமே பொருள். முறை என்றால் அந்த இடைவெளிக்கு ஓர் அளவு இருக்கிறது என்று பொருள். ஐரோப்பிய மருத்துவ நூல்கள் இந்த நோய்க்கு வைத்த இன்டர்மிட்டன்ட் என்ற பெயரின் லத்தீன் வேர் ‘இடையில் விடுதல்’தான். காய்ச்சல் விட்டிருக்கிறது என்று நாம் சொல்வதும் ரோமானியர்கள் சொன்னதும் ஒரே பார்வை. ஆனால் அந்தச் சொல் இடைவெளியோடு நின்றுவிட்டது. அளவைச் சொல்ல அவர்கள் வேறு பெயர்கள் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பெயர்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் எபிடெமிக்ஸ் என்ற தொகுப்பின் முதல் புத்தகம், காய்ச்சல்களை நாள் கணக்கால் பிரிக்கிறது. ஓயாமல் அடிப்பது, தினமும் வருவது, மூன்றாம் நாள் வருவது, நான்காம் நாள் வருவது என்று வரிசை போகிறது. மூன்றாம் நாளுக்கு உரியது ட்ரிடாயோஸ், நான்காம் நாளுக்கு உரியது டெடார்டாயோஸ். லத்தீன் இவற்றை டெர்ஷியானா, குவார்ட்டானா ஆக்கிக்கொண்டது. அந்தத் தொகுப்பின் முதல், மூன்றாம் புத்தகங்களில் 42 நோயாளிகளின் கதைகள் உள்ளன, நாள்வாரியாக எழுதியவை. முதல் கதையின் நோயாளி ஃபிலிஸ்கோஸ். மதிலோரம் குடியிருந்தவன் என்பதைத் தவிர அவனைப் பற்றி வேறு விவரம் கிடையாது. முதல் நாள் இப்படி, இரண்டாம் நாள் இப்படி என்று போய் ஆறாம் நாளில் அவன் இறந்துபோகிறான். 2400 வருடத்துக்கு முந்தைய அந்தக் குறிப்பைப் படித்தபோது ஆச்சியின் கரிக்கோடுகள் கண்முன் வந்தன. என்ன நோய், எதனால் வந்தது, எப்படிப் போக்குவது எதுவுமே தெரியாத நிலையில் மனிதன் கையில் இருந்த ஒரே கருவி எண்ணுவது. அதை இருவரும் விடாமல் செய்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். டெர்ஷியானா என்பதை ‘மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் காய்ச்சல்’ என்று மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். கிரேக்கரும் ரோமானியரும் தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணியவர்கள். திங்கட்கிழமை காய்ச்சல் வந்தால் அது முதல் நாள். வராத செவ்வாய் இரண்டாம் நாள். திரும்ப வரும் புதன் மூன்றாம் நாள். ஆக, மூன்றாம்நாள் காய்ச்சல் என்பது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது, 48 மணி நேரத்துக்கு ஒன்று. நான்காம்நாள் காய்ச்சல் 72 மணி நேரத்துக்கு ஒன்று. இந்த எண்ணிக்கை நமக்குப் புதிதே இல்லை. இறந்த நாளையும் சேர்த்துத்தான் பதினாறாம் நாள் பார்க்கிறோம். வெள்ளிக்கிழமை சிலுவையில் இறந்து ஞாயிற்றுக்கிழமை உயிர்த்ததை ‘மூன்றாம் நாள்’ என்று ஒவ்வொரு வாரமும் சொல்லும் கிறிஸ்தவ வீடுகளில் யாரும் கணக்கு உதைக்கிறதே என்று கேட்பதில்லை.

வடமொழியிலும் இதே எண்ணிக்கைதான். தக்மன் என்ற காய்ச்சலை விரட்ட அதர்வ வேதத்தில் மந்திரங்கள் இருக்கின்றன. அவற்றிலேயே மூன்றாம் நாளுக்கு உரியவன் என்று பொருள்படும் த்ருதீயகன் வந்துவிடுகிறான். சரக சம்ஹிதை ஐந்தாகப் பிரிக்கிறது: சந்ததம், சததம், அன்யேத்யுஷ்கம், த்ருதீயகம், சதுர்த்தகம். ஓயாதது, ஒரு நாளில் இரு தடவை வருவது, நாளுக்கு ஒரு தடவை வருவது, மூன்றாம் நாள் வருவது, நான்காம் நாள் வருவது. கிரேக்கப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதோ என்று தோன்றும். அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருவரும் ஒரே நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அரபியில் இந்தப் பெயர்களைத் தேடிப் போனபோதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் காய்ச்சலுக்கு அரபு மருத்துவர்கள் வைத்த பெயர் கிப். இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலிலும் அதுதான் பெயர். கிப் என்ற சொல்லுக்குப் பாலைவனத்தில் இருந்த பொருள் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டும் முறை! ஒரு நாள் தண்ணீருக்கு ஓட்டிப் போய், மறுநாள் விட்டு, அதற்கு மறுநாள் ஓட்டிப் போவது கிப். இரண்டு நாள் விட்டு நான்காம் நாள் ஓட்டிப் போவது ரிப். நான்காம்நாள் காய்ச்சலுக்கும் அதே பெயர். ஒட்டகங்கள் தண்ணீர்த்துறைக்கு வந்து சேர்வதைச் சொல்லும் விர்த் என்ற சொல், காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் வரும் நாளையும் குறித்தது. ஒட்டகம் துறைக்கு வருவது போலக் காய்ச்சல் உடம்புக்கு வருகிறது. தண்ணீர் அரிதான இடத்தில் வாழ்ந்த மனிதர்களுக்குத் திரும்பி வரும் காலத்தை அளக்கத் தண்ணீர் முறையைவிட நல்ல அளவுகோல் வேறென்ன இருந்திருக்கும்? சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரே கேள்விக்குத் தாத்தாவும் ஆச்சியும் ஆளுக்கொரு பதில் சொன்னது, பாலைவனத்துக் கூடாரம் ஒன்றிலும் அப்படியே நடந்திருக்கலாம்.

வடமொழி மருத்துவம் இந்தக் காய்ச்சல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்த பெயர் விஷம ஜ்வரம். விஷமம் என்றால் சமமில்லாதது, ஏற்ற இறக்கமானது. தமிழுக்கு வந்த பிறகு அந்தச் சொல் குழந்தைகளின் குறும்பாகிப் போனது; விஷமக்காரப் பையன் என்றால் சமனாக ஓரிடத்தில் நிற்காதவன். காய்ச்சலோடு ஒட்டிக்கொண்ட இடத்தில் அதற்கு வேறொன்று நடந்திருக்கிறது என்பது என் ஊகம். விஷம சுரம், விஷ சுரம் என்று தேய்ந்து, விஷக்காய்ச்சல் ஆகி, ‘சமமில்லாத’ என்ற பொருள் உதிர்ந்து ‘நஞ்சு’ என்ற பொருள் ஏறிக்கொண்டது. வெவ்வேறு இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரே ஒரு மகர எழுத்துத்தான் வேலியாக இருந்தது. வேலி சாய்ந்ததும் காலத்தைச் சொன்ன பெயர் பயத்தைச் சொல்லும் பெயராகிவிட்டது.

ஆங்கிலத்தில் இதைவிட விநோதமான ஒன்று நடந்தது. கென்ட், எஸ்ஸெக்ஸ் சதுப்புநிலங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை மலேரியா இருந்தது. அதைக் கிராமத்தார் ஏகியூ என்றார்கள். மூலம் லத்தீனின் ஃபெப்ரிஸ் அக்யூட்டா, கூர்மையான காய்ச்சல். பிரெஞ்சு வழியாக வரும்போது காய்ச்சல் என்ற பெயர்ச்சொல் விழுந்துவிட்டது, கூர்மை என்ற அடைமொழி மட்டும் நோயின் பெயராக நின்றது. இன்றைய மருத்துவர்கள் திடீரென்று வந்து சீக்கிரம் முடியும் நோயைச் சொல்லப் பயன்படுத்தும் அக்யூட் என்ற அதே சொல்தான் இது. மாதக்கணக்காக, சிலருக்கு வருடக்கணக்காகப் போய்ப் போய்த் திரும்பிய நோய்க்கு அந்தப் பெயர் அமைந்துவிட்டது.

அக்யூட்டுக்கு எதிர்ச்சொல் கிரானிக். காலம் என்ற பொருளுள்ள க்ரோனோஸ் என்ற கிரேக்கச் சொல் அதற்கு வேர். நோய்களை இப்படி இரண்டாகப் பிரிப்பது மிகப் பழைய வழக்கம். ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய துனிசியாவில் இருக்கும் சிக்கா என்ற ஊரைச் சேர்ந்த கேலியஸ் அவுரேலியானஸ், சொரானஸ் என்ற கிரேக்க மருத்துவரின் நூல்களை லத்தீனில் எழுதினார். அந்த இரண்டு பகுதிகளுக்கு அவர் வைத்த தலைப்புகள் எனக்குப் பிடித்தவை: விரைவான நோய்கள், மெதுவான நோய்கள். நோய்க்கு ஒரு நடை உண்டு என்று கண்டவர் அவர்.

நம்மிடம் இதற்கு இருக்கும் சொல் நாள்பட்ட. இதைப் பற்றிக் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். புறநானூற்றில் நாட்படு என்ற அடைமொழி தேறலுக்கு வருகிறது. நாளாக ஆக முறுகிய கள். அங்கே நாள் படுவது சிறப்பு. புண்ணுக்கும் இருமலுக்கும் அதே சொல் வரும்போது சிறப்பு போய்விடுகிறது, முறுகுதல் மட்டும் இருக்கிறது. படு என்ற வினையைக் கவனியுங்கள். அடிபட்ட கால், கடன்பட்ட நெஞ்சு, வெயில்பட்ட துணி, பாடுபட்ட உடம்பு. வெளியிலிருந்து ஒன்று வந்து மேலே விழுவதை அந்த வினை சொல்கிறது. நாள்பட்ட நோய் என்றால் ஒவ்வொரு நாளும் அந்த நோயின் மேல் விழுந்திருக்கிறது. கிரானிக் என்ற சொல்லில் காலம் அசையாமல் கிடக்கிறது. நாள்பட்ட என்பதில் ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது. இதற்குப் பதிலாகத் தீராத நோய் என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கும் ஒருவரிடம் ‘தீராது’ என்பது தீர்ப்பு. ‘நாள்பட்டது’ என்பது வெறும் கணக்கு. நோயாளிக்குக் கணக்குப் போதும்.

முறைக்காய்ச்சலும் நாள்பட்டுப் போவது உண்டு. அப்போது மண்ணீரல் வீங்கி, இடப்பக்க விலாவுக்குக் கீழே கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். சுரக்கட்டி, காய்ச்சற்கட்டி என்று அதற்குத் தமிழில் பெயர் உண்டு. ஒரு கிராமத்தில் எத்தனை குழந்தைகளுக்கு இந்தக் கட்டி இருக்கிறது என்று வயிற்றைத் தொட்டு எண்ணித்தான் அந்த ஊரில் மலேரியா எந்த அளவுக்கு ஊறியிருக்கிறது என்பதை ஒரு காலத்தில் மருத்துவர்கள் அளந்தார்கள். ஆச்சி சுவரில் எழுதிய கணக்கை உடம்பு உள்ளே எழுதி வைத்திருந்தது.

இனி மலேரியா என்ற பெயருக்கு வரலாம். இத்தாலிய மொழியில் மல் ஆரியா என்றால் கெட்ட காற்று. ரோமாபுரியைச் சுற்றியுள்ள சதுப்புகளிலிருந்து கோடையில் எழும் ஆவிதான் நோய்க்குக் காரணம் என்று நம்பினார்கள். 1740இல் இத்தாலியிலிருந்து ஹொரேஸ் வால்போல் எழுதிய கடிதம் ஒன்றின் வழியாக இந்தச் சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது. அதுவரை கூடவே இருந்த நாள் கணக்கு இந்தப் பெயரில் இல்லை. காலத்தால் வழங்கிய நோய் இடத்தால் வழங்கத் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் சதுப்பைக் குறிக்கும் சொல்லை வைத்துப் பலுதிஸ்ம் என்றார்கள். நம்மிடமும் மலைக்காய்ச்சல் என்றவர்கள் உண்டு. மலையடிவாரத்துக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு வந்ததைப் பார்த்து வைத்த பெயர். இடத்தைக் குற்றம் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. தேங்கிய தண்ணீர்தான் கொசுவின் தொட்டில். காற்றைக் குற்றம் சொன்னதில் உண்மையே இல்லை. ஆனால் உலகம் முழுவதும் நிலைத்த பெயர் அந்தப் பிழையான பெயர்தான்.

பெயர் இடம் மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில் மருந்து வந்து சேர்ந்தது. தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டை எல்லாக் காய்ச்சலையும் தணிக்கவில்லை. முறை வைத்து வரும் காய்ச்சலைத்தான் நிறுத்தியது. இத்தாலிய மருத்துவர் ஃபிரான்செஸ்கோ டோர்ட்டி 1712இல் வெளியிட்ட நூலில் இதையே ஒரு சோதனையாக வைத்தார். பட்டைக்கு அடங்குவது ஒரு சாதி, அடங்காதது வேறு. பட்டையிலிருந்து குயினைன் 1820இல் பிரிக்கப்பட்டது. 1860களில் அந்த மரம் நீலகிரிக்கு வந்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. ஆச்சியின் தலைமுறைக்கு அது கொயினா. “கொயினாக் கசப்பு” என்று அவள் சொல்லும்போதே முகம் சுளிந்துவிடும்.

1880 நவம்பர் 6 அன்று, அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் அல்போன்ஸ் லாவெரான், ஒரு நோயாளியின் ரத்தத்தில் அசையும் உயிர்களைப் பார்த்தார். காற்று விடுதலையானது. 1897 ஆகஸ்டு 20 அன்று சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அதே உயிரைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டார். இந்த இருவரையும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இருவருக்கும் நடுவில் வேலை செய்த ஒருவரை இந்த விஷயத்துக்காக யாரும் நமக்குச் சொல்லவில்லை. அவர் கமில்லோ கோல்ஜி. நரம்புமண்டல ஆய்வுக்காகப் பின்னாளில், 1906இல், நோபல் பரிசு பெற்றவர்.

பாவியா நகரில் 1885, 1886 ஆண்டுகளில் கோல்ஜி செய்தது ஆச்சி செய்ததுதான், நுண்ணோக்கியோடு. காய்ச்சல் வரும் நாளிலும் வராத நாளிலும் அதே நோயாளியின் ரத்தத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லாத நாளில் நோயுயிர் சும்மா இல்லை. சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து தின்று வளர்ந்து பல துண்டுகளாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. பிரிந்து முடிந்ததும் சிவப்பணுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடிக்கின்றன. குஞ்சுகள் ரத்தத்தில் கொட்டுகின்றன. கட்டில் தடதடப்பது அந்த நேரத்தில்தான். மூன்றாம்நாள் காய்ச்சலின் உயிருக்கு இந்தச் சுற்று முடிய 48 மணி நேரம். நான்காம்நாள் காய்ச்சலின் உயிருக்கு 72 மணி நேரம். இரண்டும் வேறு வேறு உயிரினங்கள். ஹிப்போகிரட்டீஸ் காலத்து மருத்துவரும் அதர்வ வேத மந்திரக்காரரும் ஒட்டகம் மேய்த்தவரும் வெறும் விரலை மடக்கி எண்ணிப் பிரித்த பிரிவுகள், ரத்தத்துளிக்குள் போய்ப் பார்த்தபோது உயிரினப் பிரிவுகளாகவே நின்றன.

முறை தவறுவதும் உண்டு. ஒரே உடம்பில் இரண்டு கூட்டம் குடியேறி, ஒன்று இன்றும் மற்றது நாளையும் வெடித்தால் காய்ச்சல் தினமும் வரும். பால்சிபாரம் என்ற இனமோ முறைக்கு எளிதில் கட்டுப்படாது. அதற்கும் சுற்று 48 மணி நேரம்தான் என்றாலும், காய்ச்சல் பல நேரம் தாறுமாறாக அடிக்கும். மூளையைத் தாக்கி உயிரை எடுப்பதில் அதுதான் முன்னால் நிற்கிறது. ‘அரை மூன்றாம்நாள் காய்ச்சல்’ என்று பொருள்படும் ஒரு பெயரைக் கிரேக்கர்கள் வைத்து, அதைக் கண்டு பயந்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நான்காம்நாள் காய்ச்சலை ஆபத்து மிகக் குறைந்தது, ஆனால் மிக நீண்டது என்றும் அவர்கள் எழுதினார்கள். அதன் உயிர் பல பத்தாண்டுகள் ஓர் உடம்பில் தங்கியிருந்ததை இன்றைய மருத்துவம் கண்டிருக்கிறது. எனக்கு வந்தது வைவாக்ஸ், ஒழுங்காக முறை வைக்கும் இனம். ஆச்சிக்கு அந்தப் பெயர் தெரியாது. “முறையா வாற காய்ச்ச ஆளைக் கொல்லாதுய்யா, மெலிய வைக்கும்” என்பாள்.

24, 48, 72. மலேசியக் காட்டுக் குரங்குகளிலிருந்து மனிதருக்கு வரும் நோலசி என்ற இனத்தின் சுற்றுத்தான் 24 மணி நேரம். எல்லாமே ஒரு நாளின் மடங்குகள். ஏன் 30 மணி நேரத்துச் சுற்று இல்லை, 55 மணி நேரத்துச் சுற்று இல்லை? ஒரு நாள் என்பது நோயுயிருக்கு எப்படித் தெரிகிறது? நம் உடம்பின் தூக்கம், பசி, சூடு எல்லாம் ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றில் ஓடுகின்றன. இதற்கு ஃபிரான்ஸ் ஹால்பெர்க் 1959இல் சர்க்கேடியன் என்று பெயர் வைத்தார். லத்தீனில் சர்க்கா என்றால் சுமார், டியெஸ் என்றால் நாள். சுமார் ஒரு நாள் என்ற அந்த அடக்கமான பெயர் எனக்குப் பிடிக்கும். எலிகளில் செய்த ஆய்வுகளில், எலி உண்ணும் நேரத்தை மாற்றினால் நோயுயிர் வெடிக்கும் நேரமும் நகர்வது தெரிந்தது. 2020இல் வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி போயின. உடல் கடிகாரம் பழுதான எலிக்குள்ளும் நோயுயிர் தன் சுற்றை விடவில்லை. அதற்கென்றே உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. விருந்தாளி நம் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறான்.

மணிக்கணக்குக்கு மேலே மாதக்கணக்கு ஒன்றும் இதற்கு உண்டு. வைவாக்ஸ் இனம் ரத்தத்தில் அழிந்த பிறகும் கல்லீரலில் சில உயிர்கள் உறங்கிக் கிடக்கும். கிரேக்கத்தில் உறக்கத்துக்குச் சொல்லும் ஹிப்னோஸைச் சேர்த்து ஹிப்னோசோய்ட் என்று அவற்றுக்குப் பெயர். நம் பக்கம் சில வாரங்களிலேயே அவை விழிக்கும். குளிர்நாட்டு வகைகள் எட்டு ஒன்பது மாதம் உறங்கி, அடுத்த கொசுக் காலத்துக்கு எழும். அதனால்தான் இன்று குளோரோகுயின் மூன்று நாளோடு முடிந்தாலும் பிரைமாகுயினை 14 நாள் விழுங்கச் சொல்கிறார்கள். நடுவில் நிறுத்திவிடாதீர்கள், உடம்பு தேறிய பிறகு விழுங்கும் மாத்திரைதான் உறங்குகிறவனைப் பிடிக்கிறது.

நாடுகளுக்கும் இந்த முறை வந்து போயிருக்கிறது. 1934–35இல் ஏறக்குறைய 80,000 பேரைப் பறிகொடுத்த இலங்கையில், 1963ஆம் ஆண்டு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். முடிந்தது என்று கையைத் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளிகள் லட்சக்கணக்கில் திரும்ப வந்தார்கள். 2016 செப்டம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் அந்தத் தீவை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது.

எங்கள் வீட்டில் மாத்திரை கொடுத்த பிறகும் ஆச்சி கணக்கை நிறுத்தவில்லை. முறை வரும் நாளில் மத்தியானம் சாக்கு இரண்டையும் மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கொட்டாவி விட்டால் நகத்தைப் பிடித்துப் பார்ப்பாள். மூன்று முறை வெறுமனே போனது. அன்றைக்குச் சாயங்காலம் ஈரத்துணியால் காய்ச்சல் கணக்கை அழித்தாள், பால் கணக்கில் கை படாமல். ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கொட்டாவி வந்தது. வீட்டுக்கு வந்து படுத்தபோது என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சாக்கைக் கொண்டுவந்து போட்டாள். அடுக்களைக்குப் போய் அழித்த இடத்தின் ஈரக்கறை மேலேயே ஒரு கோடு போட்டுவிட்டு வந்தாள்.